காட்டேரியை வெட்டியது நான்தான்

கல்யாண மாப்பிள்ளை பாபுவுக்கு, மந்தைவெளியிலிருந்து உன் அம்மா. முதலில் உட்கார். யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் நைனா நன்றாக இருக்கிறார். நான் போன மாதத்தைவிட ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறேன், ஊருக்கெல்லாம் ப்ளவுஸ் தைக்கிறவள் என் ப்ளவுஸையே பக்கவாட்டில் பிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ பெங்களூரிலிருந்து பேசும்போது எந்த விஷயமும் பாதிக்கு வந்ததும் "சரிம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். இந்த விஷயத்தைப் பாதியில் விட்டால் என்னைத் திட்டுவாய், முழுசாகக் கேட்டால்தான் சிரிப்பாய். அதனால் எழுதுகிறேன். அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் இவ்வளவு நீளத்துக்கு எழுதுவாளா என்று வாயைப் பிளக்காதே. ஒன்பது வருஷமாக ஒரு பெரிய எழுத்தாளரின் கதையை விடாமல் படித்ததில் எனக்கும் கை வந்துவிட்டது. அந்த எழுத்தாளர் யார் என்பது கீழே வரும். கவரை ஒட்டாமல்தான் நீ கட்டிக்கொள்ளப்போகிற கயலிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் அடையாற்றில் அவங்க அம்மா வீட்டிலிருந்து பெங்களூர் திரும்பும்போது ரயிலில் படித்துக்கொண்டு வரட்டும். உன் ரகசியம் நம் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியும், இனி ஒட்டி என்ன ஆகப்போகிறது.

நீ பிளஸ் டூ படித்த வருஷத்தில் இரண்டு பிஸிக்ஸ் நோட்டு வைத்திருந்தாய். இரண்டுமே லாங் சைஸ், இரண்டின்மேலும் உன் பெயர், கிளாஸ், இயற்பியல் என்று அழகாக லேபிள். ஒன்றில் நிஜமாகவே பிஸிக்ஸ் இருந்தது, அது ஒல்லியாக இருந்தது. இன்னொன்று குண்டு. அதில் முந்நூற்றுப் பதினேழு வயசான ஒரு ரத்தக்காட்டேரிப் பெண்ணும், வானத்திலிருந்து இறங்கிவந்து திரும்பிப் போக மனசில்லாத ஒரு தேவதூதனும் இருந்தார்கள். நீ என் மெஷினுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு எழுதுவாய். பிள்ளை இவ்வளவு ஆசையாகப் பிஸிக்ஸ் படிக்கிறானே என்று நான் உனக்கு அவித்த முட்டை இரண்டாகக் கொடுத்தேன். அந்த முட்டையெல்லாம் காட்டேரிக்குப் போனது.

அதை முதலில் பிடித்தது உன் நைனா. செவ்வாய்க்கிழமை, அவருக்குப் புடவைக் கடையில் லீவு. புரட்டின பக்கத்தில் அவள் அவன் கழுத்தருகே குனிந்துகொண்டிருந்தாள். "இன்னாடா இது, பிஸிக்ஸ்ல கழுத்தைக் கடிக்கிற பாடம்லாம் வந்துட்ச்சா?" என்றார். நீ நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, "அது கதை, உனக்குப் புரியாது நைனா" என்றாய். அந்த 'உனக்குப் புரியாது' அவரைச் சுருக்கென்று தைத்துவிட்டது. "ஆமா, எனக்கு இன்னா புரியும், பொடவை மடிக்கிறவன். இன்னொரு தபா இந்த நோட்டு கண்ணுல பட்டுச்சு, தூக்கிப் பழைய பேப்பர்காரன்கிட்ட போட்ருவேன்" என்று கத்தினார். அவர் கத்தியே நான் நாலு தடவைதான் பார்த்திருக்கிறேன். அதில் அது ஒன்று.

அப்புறம் பரீட்சை முடிந்தது. வைகாசி முகூர்த்தம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தது. உனக்குத் தெரியும், நமக்கு நிரந்தரக் கஸ்டமர் என்றால் ஒவ்வொருத்தருக்கும் பேப்பர் கட்டிங் தனியாக வெட்டி, பெயர் எழுதி, ஆணியில் மாட்டிவிடுவேன். முன் பீஸ், முதுகு, கை. அடுத்த தடவை அளவெடுக்க வேண்டாம், தாளைத் துணிமேல் வைத்து வெட்டிவிடலாம். அன்றைக்குப் பிரவுன் பேப்பர் தீர்ந்துபோயிருந்தது. நீ பேட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தாய். "டேய், பரீட்சதான் முடிஞ்சிட்ச்சே, அந்த பிஸிக்ஸ் நோட்டை எடுத்துக்கட்டா?" என்றேன். "எடுத்துக்கோம்மா, அத்தப் பாத்தாலே கடுப்பாவுது" என்று கத்திக்கொண்டே போனாய். நான் இரண்டு நோட்டையும் பார்த்தேன். குண்டாக இருந்ததை எடுத்தேன். எந்தத் தையல்காரியும் குண்டைத்தான் எடுப்பாள்.

நோட்டின் நடுத் தையலைப் பிரித்தால் இரட்டைத் தாளாக வரும். நாற்பத்தெட்டு இரட்டைத் தாள். ஒரு ஆளுக்கு மூன்று தாள் என்று பதினாறு பேருக்கு மத்தியானத்துக்குள் வெட்டி முடித்தேன். எழுத்தைப் பார்க்கவே இல்லை. கத்தரிக்கு எழுத்து தெரியாது, கத்தரி பிடித்திருக்கிறவளுக்கும் அப்போது அளவைத் தவிர எதுவும் தெரியாது. எல்லாம் முடிந்து மறுநாள் முதல் கட்டிங்கைத் துணிமேல் வைத்துக் குண்டூசி குத்தும்போதுதான் 'நிலானியின் கோரைப்பற்கள் மெல்ல நீண்டன' என்ற வரி கண்ணில் பட்டது. பிஸிக்ஸில் கோரைப்பல் எதுக்கு என்று யோசித்தேன் பார், அந்த நிமிஷம் குத்தின குண்டூசியை உருவிவிட்டேன். தாளை ஒட்டவைத்துப் பார்த்தேன். வெட்டி விழுந்த துண்டெல்லாம் காலையிலேயே குப்பை வண்டியில் போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து நீ வீட்டைக் கவிழ்த்துத் தேடினாய். பரணில் ஏறினாய், பீரோவை நகர்த்தினாய். அந்த நேரம் பார்த்து நைனா வேலை முடிந்து வந்து டீ டம்ளரோடு உட்கார்ந்தார். நீ நேராக அவர் முன்னால் போய் நின்றாய். "நைனா, நீதானே போட்ட?" என்றாய். அவர் உன்னைப் பார்த்தார். என் மேஜையைப் பார்த்தார். அங்கே நீலக் கோடு போட்ட தாளில் வெட்டின ஒரு கை, கத்தரிக்கு அடியில் கிடந்தது. அப்புறம் என்னைப் பார்த்தார். என் வாயில் நாலு குண்டூசி. துப்பிவிட்டுச் சொல்லியிருக்கலாம். நான் துப்பவில்லை. அவர் ஒரு வாய் டீ குடித்துவிட்டு, "ஆமா. போட்டுட்டேன்" என்றார்.

நீ அழவில்லை. அழுதிருந்தால் அங்கேயே உடைத்துச் சொல்லியிருப்பேன் என்று பல தடவை எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். நீ "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாய். அன்றைக்கு அவரிடம், "ஏன்யா அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உன்மேல கோவம்னா சோறு வேணான்னு பூடுவான். என்மேல கோவம்னா உன் கையால துன்னுட்டாவது கோவமா இருப்பான். வுடு, நாலு நாள்ல மறந்துருவான்." நீ நாலு நாளில் மறக்கவில்லை. அதுக்கப்புறம் நீ ஒரு வரி கதை எழுதவில்லை. அவரோடு பேசினதெல்லாம் சரி, ம், அப்புறம் "அம்மாகிட்ட குடுக்கறேன்". ஒன்பது வருஷம். சண்டை ஒன்றும் கிடையாது. வெளியாள் பார்த்தால் நல்ல மரியாதையான பிள்ளை என்பான். அந்த மரியாதைதான் அவருக்கு வலித்தது.

என் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. தப்பாக வெட்டிவிட்டால், கஸ்டமர் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் நாமே சொல்லிவிட வேண்டும். சொன்னால் திட்டுவார்கள், ஆனால் திரும்ப வருவார்கள். அவர்களே கண்ணாடியில் பார்த்துக் கண்டுபிடித்தால் அடுத்த டெய்லரிடம் போய்விடுவார்கள். இதை ஊரில் எல்லாருக்கும் கடைப்பிடித்தவள், பெற்ற பிள்ளைக்கு மட்டும் கடைப்பிடிக்கவில்லை. முதல் வாரம் பயம். அப்புறம் வெட்கம். அப்புறம், சொன்னால் இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாயே என்று இன்னும் கொஞ்சம் நாள். இதுதான் என் தப்பு. இப்போது திட்டிவிடு, நான் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். இனி நல்ல பகுதி. பாபு, உன் கதையை நான் முழுசும் படித்தேன்டா! ஒரே மூச்சில் இல்லை. எந்தக் கஸ்டமருக்கு ப்ளவுஸ் வருகிறதோ அவர்கள் தாளில் இருக்கிற பக்கத்தை அன்றைக்குப் படிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் படிக்க ஆரம்பித்தேன், இப்போது ஓடுகிறது. ஆனால் வரிசை கிடையாது. எனக்கு அவர்கள் முதலில் பிரிந்தார்கள், அப்புறம் சண்டை போட்டார்கள், இரண்டு தீபாவளி கழித்துத்தான் சந்தித்தார்கள். தேவதூதன் இறகு ஏன் உதிர்ந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருஷம் ஆனது, ஏனென்றால் அந்தப் பக்கம் ஒரு ஸ்கூல் டீச்சரின் முன் பீஸில் இருந்தது, அவர் சுடிதாருக்கு மாறிவிட்டார். "டீச்சர், புடவையே அழகு உங்களுக்கு" என்று கெஞ்சி ஒரு ப்ளவுஸ் தைக்கவைத்துத்தான் படித்தேன். ஆணியிலிருந்து எடுத்துப் படித்திருக்கலாமே என்பாய். படித்திருக்கலாம். வேலை இல்லாமல் எடுத்தால் திருட்டு மாதிரி இருந்தது.

படித்தவள் என்கிற உரிமையில் சிலது கேட்கிறேன். கதைக்குப் பேர் 'ஒரு சொட்டு இறகு'. இறகு எப்படிடா சொட்டும்? நிலானி, ஆதிரன் என்று பேர் வைத்திருக்கிறாய், நம் ரேஷன் கடைக் க்யூவில் அப்படி ஒருத்தரை நான் பார்த்ததில்லை. ஊரில் எல்லாரும் பெண்ணைத் தேவதை என்று எழுதுவார்கள், நீ பையனைத் தேவதூதன் ஆக்கிப் பெண்ணை ரத்தம் குடிக்கிறவள் ஆக்கிவிட்டாய். பதினேழு வயசிலேயே உனக்கு உலகம் தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும்விட என் தூக்கத்தைக் கெடுத்தது அந்தப் பையனின் சட்டை. ஒரு இடத்தில் நீலச் சட்டை, ஒரு இடத்தில் பனியன், அடையாறு உடைந்த பாலத்தில் உட்கார்ந்திருக்கும்போது இறகை விரிக்கிறான். சட்டை கிழியவில்லை. இறகு எந்த வழியாக வந்தது? நீ யோசிக்கவில்லை, நான் யோசித்துவிட்டேன். முதுகில் இரண்டு பக்கமும் நெட்டாக ஒரு பிளவு, உள்ளே பட்டி, இடுப்பில் ஹூக். பிரமாதமாக உட்காரும். உன் கல்யாணச் சட்டைக்கு அப்படியே வைக்கவா என்று கயலிடம் கேட்டேன். "வேணாம் அத்தை, பறந்து போயிடுவார்" என்றாள்.

ஆனால் அவர்கள் சந்திக்கிற நேரம் பற்றி எழுதினாயே, அதில் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவளுக்கு வெயில் ஆகாது, அவனுக்கு இருட்டு ஆகாது, அந்தியில் ஒரு அரை மணி நேரம்தான் இரண்டு பேருக்கும் பொது. கட்டையில் போகிற வரைக்கும் அந்த அரை மணி நேரம் போதும் என்று அவள் சொல்கிறாள். டேய், நானும் உன் நைனாவும் இருபத்தேழு வருஷமாக அப்படித்தான் குடும்பம் நடத்துகிறோம். கடை திறக்க அவர் போனால் கடை மூடித்தான் வருவார். எங்களுக்குச் செவ்வாய்க்கிழமையும் டீ நேரமும்தான். உனக்கும் கயலுக்கும் ஆளுக்கொரு ஷிப்ட். அறிவுரை என்று ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதுதான்: கிடைக்கிற அந்த அரை மணியில் யார் பக்கம் நியாயம் என்று வழக்கு நடத்தாதே. எனக்கு வழக்கில் ஜெயித்த செவ்வாய்க்கிழமை ஒன்றும் ஞாபகமில்லை. நைனா மாங்காய் வெட்டிக் கொடுத்த செவ்வாய்க்கிழமைதான் ஞாபகமிருக்கிறது.

உன் கதைக்கு வாசகர்களும் சேர்ந்துவிட்டார்கள். நீ வீட்டில் இருக்கிற நாளில் அந்தத் தாளையெல்லாம் துணி போட்டு மூடிவிடுவேன், மற்ற நாளில் திறந்துதான் தொங்கும். டிரையலுக்கு வந்து காத்திருக்கிறவர்கள் ஆணியில் தொங்குகிறதைப் படிக்காமல் என்ன செய்வார்கள்? மயிலாப்பூரிலிருந்து வருகிற ஜானகி மாமி உனக்கு ஞாபகமிருக்கும், உன் கன்னத்தைக் கிள்ளுகிறவர். ஒரு நாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் பேர் எழுதின தாளைப் படித்துவிட்டு, "ஏண்டி, இவா ரெண்டு பேரும் இங்க முத்தம் குடுத்துக்கறாளே, இது எந்த பீஸ்?" என்றார். "உங்க முதுகு மாமி" என்றேன். "என் முதுகுலயா! ஆத்துல மாமாக்குத் தெரிஞ்சா அறுபது வயசுல புதுசா சந்தேகப்படுவாரே!" என்று சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் வந்துவிட்டது. அன்றிலிருந்து எப்போது வந்தாலும், "அந்தப் பொண்ணு வெயில்ல வந்தாளா, இல்லையா? கடைசிப் பக்கம் கிடைச்சுதோ?" என்பதுதான் முதல் கேள்வி. எனக்கும் தெரியாது. கடைசிப் பக்கம் இருந்த தாளை மட்டும் நான் பார்த்ததே இல்லை.

இப்போது கயலுக்கு வருகிறேன். போன மாதம் முகூர்த்த ப்ளவுஸுக்கு அளவு கொடுக்க வந்தாள். காட்டேரிக்குப் பூண்டு ஆகாதாமே என்று முதலில் பூண்டு ரசம் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு டம்ளர் குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்றாள். காட்டேரி இல்லை, நீ தைரியமாகத் தாலி கட்டலாம். நான் டேப்பைப் பிடித்துக்கொண்டு அவள் தோளை அளந்துகொண்டிருக்கும்போது அவள் கண் ஆணிப் பக்கம் போனது. "அத்தை, இது பாபு எழுத்து மாதிரியே இருக்கே?" என்றாள். நான் "பழைய பிஸிக்ஸ்மா" என்றேன். அவள் எட்டி எடுத்து, சத்தமாக, "'உன் இதயம் துடிக்கும் சத்தம் எனக்குப் பசியாக இல்லை, முதல்முறையாகப் பாட்டாக இருக்கிறது'" என்று படித்தாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "எந்த காலேஜ் பிஸிக்ஸ் அத்தை இது?" என்றாள். டேப் கையிலிருந்து விழுந்துவிட்டது. அவளிடம்தான் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். நீ அவளிடமும் சொல்லியிருக்கிறாயாமே, எங்க நைனா என் நோட்டைத் தூக்கிப் போட்டுட்டார், அதோட விட்டுட்டேன் என்று. அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். "நானே சொல்றேன், பந்தக்கால் நடறதுக்குள்ள" என்று வாக்குக் கொடுத்தேன். நல்ல பெண்ணைத்தான் பிடித்திருக்கிறாய். எனக்குச் சரியான மாமியார் அமைந்திருக்கிறாள்.

வாக்குக் கொடுத்தும் நான் தள்ளிப்போட்டுக்கொண்டுதான் இருந்தேன். தள்ளிப்போட முடியாமல் செய்தது நீ செய்த போன்தான். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஹூக் வைத்துக்கொண்டிருந்தேன். முகூர்த்தப் புடவை எடுக்க எப்போது தி.நகர் வருகிறீர்கள் என்று கேட்டேன். "புடவை நாங்களே ஆன்லைன்ல பாத்துக்கறோம்மா. நைனாவை எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கினு" என்றாய். நைனா எதிரே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உன் கல்யாணம் நிச்சயமான நாளிலிருந்து தினமும், "எப்ப வராங்களாம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். நாலாவது மாடியில் பட்டுக் கவுண்டரில் இத்தனை வருஷமாக எத்தனை வீட்டுக் கல்யாணத்துக்கு முதல் புடவையை விரித்துக் காட்டியிருக்கிறார், அவரே எண்ணினதில்லை. அவர் பேப்பரை மடித்து வைத்தார். "தயிர் வாங்கினு வரேன்" என்று சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட் தயிர் இருந்தது, பாபு.

அதற்கு அடுத்த ஞாயிறு கயல் வந்தாள். இருவரும் பதினைந்து பேரின் கட்டிங்கையும் ஆணியிலிருந்து இறக்கித் தரையில் பரப்பி, உன் கதையை வரிசைப்படுத்தினோம். முன்னதாகவே அவரவருக்குப் பிரவுன் பேப்பரில் புதிதாக வெட்டி வைத்துவிட்டேன், கவலைப்படாதே. மேற்கு மாம்பலத்துக்கு வீடு மாறிப் போன ஒரு அம்மா தன் கட்டிங்கைக் கூடவே கொண்டுபோயிருந்தார், கயல் போய் வாங்கிவந்தாள். நாற்பத்தேழு தாள் ஆனது. ஒன்று இல்லை. நோட்டில் வெளித்தாள் எது? முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் ஒரே தாளில்தானே இருக்கும். அந்தத் தாள் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் முழுக்கத் தேடிக் காட்டேரியைச் சேர்த்துவிட்டு, தலையையும் காலையும் தொலைத்துவிட்டேனே என்று உட்கார்ந்திருந்தேன். நைனா கடையிலிருந்து வந்தார். தரையைப் பார்த்தார். நானும் அவளும் என்ன செய்கிறோம் என்று கேட்கவே இல்லை. கழுத்தில் மாட்டியிருந்த கடை அடையாள அட்டையைக் கழற்றினார். பிளாஸ்டிக் உறைக்குள் அட்டைக்குப் பின்னால் எட்டாக மடித்து வைத்திருந்த ஒரு தாளை எடுத்தார். விரித்தால், ஒரு கை. அன்றைக்குக் கத்தரிக்கு அடியில் கிடந்த கை. அளவுத் தாள் காணோம் என்று அந்தக் கஸ்டமருக்கு நான் மறுபடி அளவெடுத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

முதல் பக்கம் உனக்கு நினைவிருக்கிறதோ என்னவோ. எழுதுகிறேன். 'தி.நகரில் நாலாவது மாடியில் பட்டுப் பிரிவில் ஒரு மனிதர் இருந்தார். புடவையை மடிக்கும்போது தாடையால் பிடித்துக்கொள்வார். யார் வந்தாலும் உள்ளே வாங்க என்பார். யாராவது அழைத்தால்தான் அவளால் எந்த வாசலையும் தாண்ட முடியும். முந்நூற்றுப் பதினேழு வருஷத்தில் அவளை முகம் பார்த்து உள்ளே வாங்க என்று சொன்ன முதல் மனிதர் அவர்தான்.' உனக்குப் புரியாது என்று நீ சொன்னாயே, அந்த மனிதரைத்தான் முதல் வரியில் வைத்திருந்தாய். அவர் அதைப் படித்துவிட்டு ஒன்பது வருஷம் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்வந்திருக்கிறார். நடுப் பக்கங்களில் அந்த நாலாவது மாடிக்காரர் வரும்போதெல்லாம் இது நம்ம ஆள்தான் என்று எனக்கும் தெரியும். சொன்னால் நோட்டுப் பேச்சு வருமே என்று நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை. ஒரே வீட்டில் ஒரு கதையை ஆளுக்குப் பாதி ஒளித்துவைத்துக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்றிருக்கிறோம்.

கடைசிப் பக்கம்தான் கொடுமை. நோட்டு தீர்ந்துவிடுமே என்று உன் எழுத்து எறும்பு மாதிரி சின்னதாகியிருக்கிறது. நிலானி கல்யாணப் புடவை எடுக்க அந்த நாலாவது மாடிக்கு வருகிறாள். பகலில் வருகிறாள். வெளியே வெயில் எரிகிறது. அவர் உள்ளே வாங்க என்கிறார். எல்லாப் புடவையையும் விட்டுவிட்டு அடியிலிருந்து ஒன்றை உருவுகிறார். 'இதைக் கட்டிக்கிட்டா உனக்கு வெயில் ஒண்ணும் செய்யாதும்மா என்று அவர் விரித்த அந்தப் புடவையின் நிறம்' என்று ஒரு வரி. அவ்வளவுதான். அதுக்கு மேல் கை வளைவு. என் கத்தரி போன வழி.

அந்தத் தாளைப் பார்த்ததும்தான் எனக்கு ஒன்று விளங்கியது. பல வருஷமாக உன் நைனா சாப்பிடும்போது திடீர் திடீரென்று, "ஒரு பொண்ணு. வெயில் ஆவாது. அதுக்கு முகூர்த்தத்துக்கு இன்னா கலர் குடுக்கலாம்?" என்று கேட்பார். அவர் உன் கதையைப் படித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை; கடைக்கு ஏதோ தோல் அலர்ஜிக்காரப் பெண் வந்திருக்கிறாள் என்று நினைத்து, "சந்தனக் கலர் குடு, எடுக்கலன்னா வுடு" என்பேன். "சந்தனம் இல்ல. அது சாதாரணம். அந்தப் பையன் அப்படி எழுத..." என்று ஆரம்பித்து ரசத்தை ஊற்றிக்கொள்வார். அரக்கா என்பார், மாம்பழ மஞ்சளா என்பார், மயில் கழுத்தா என்பார். உலகத்தில் இருக்கிற கலரெல்லாம் தெரிந்த மனிதர். நீ எழுதின ஒரு கலர் மட்டும் தெரியவில்லை. கயல் அவரிடம், "பாபுகிட்ட போன் பண்ணிக் கேட்டுடட்டுமா மாமா?" என்றாள். அவர் குறுக்கே தலையாட்டினார். "வேணாம்மா. அவன் எனக்காக எழுதினானோ இன்னாவோ. அவனா சொன்னா கேட்டுக்கறேன்" என்றார்.

நாற்பத்தெட்டு தாளையும் மெஷினில் ஒரு தையல் ஓட்டி ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கை, முதுகு, முன் பீஸ் என்று கோணல்மாணலாக இருக்கிறது, அலமாரியில் நிற்காது, ஆணியில்தான் மாட்ட வேண்டும். இந்தக் கடிதத்தோடு அது வராது. அது இங்கேயே இருக்கும். வெட்டில் போன இடங்களில் என்னென்ன இருந்தது என்று உனக்கு நினைவு இருந்தால் பிரவுன் பேப்பரில் எழுதி ஒட்டு, நினைவில்லை என்றால் புதிதாக எழுது. பிரவுன் பேப்பர் நான் வாங்கித் தருகிறேன், இந்தத் தடவை வெட்ட மாட்டேன். என்மேல் இருக்கிற கோபத்தை வைத்துக்கொள், நான் தாங்குவேன், நீ சோறு வேண்டாம் என்று எழுந்து போனாலும் கயல் இருக்கிறாள், இழுத்து உட்காரவைப்பாள்.

ஆனால் சனிக்கிழமை நீயும் அவளும் தி.நகருக்கு வாருங்கள். ஆன்லைனில் பார்த்ததைப் போனோடு மூடு. லிப்ட்டில் க்யூ இருக்கும், படியிலேயே ஏறிவிடு. நாலாவது மாடி. வாசலில் கண்ணாடிக் கதவு. அங்கே அவர் உன்னைப் பார்ப்பார், என்ன செய்வதென்று தெரியாது, கையிலிருக்கிற புடவையைத் தாடையால் பிடித்துக்கொள்வார். மன்னிப்பு, கட்டிப்பிடிப்பது எல்லாம் வேண்டாம். கூட வேலை செய்கிறவர்கள் பார்ப்பார்கள், அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிடும். எல்லாருக்கும் சொல்கிற மாதிரியே உனக்கும் "உள்ள வாங்க" என்பார். நீ உள்ளே போ. கயலைப் பாயில் உட்காரவை. அவர் "இன்னா கலர் பாக்கலாம்?" என்று கேட்பார். அது அவர் வேலை, யாரிடமும் அதைத்தான் முதலில் கேட்பார்.

பதில் சொல்லுடா. அவர் ஒன்பது வருஷமாகக் காத்துக்கொண்டிருக்கிறார்.